புஷ், ஸ்பிரிங் மாற்றி ஓராண்டு: எல்லாம் சரி, அந்தக் கீச்சொலிதான்

எங்கள் குடியிருப்பில் என்னுடையதைப் போலவே பழைய ஹேட்ச்பேக் வைத்திருக்கும் நண்பர், ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட்டை நீட்டி, "சார், இந்த முன்பக்கப் புஷ், ஸ்பிரிங் மாற்றும் வேலையை நீங்கள் வீட்டிலேயே செய்தீர்களாமே, நானும் செய்யலாமா?" என்று கேட்டார். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஆற்காடு சாலையை மெட்ரோவுக்காகத் தோண்டியதிலிருந்து வடபழனிக்கும் போரூருக்கும் தினமும் போய்வந்த வண்டிகளின் முன்பக்கம் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வண்டியில் வேகத்தடை இறங்கும்போதெல்லாம் இடப்பக்கம் 'டொக்' என்றது. பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. டயரின் உள்விளிம்பு மொட்டை. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை, அதாவது புஷ், போய்விட்டது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஸ்பிரிங் விவகாரம் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. அடிச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் சேறும் தண்ணீரும் தங்கித் துருவேறி, நுனி முறிந்து கிடந்தது.

புஷ் தனியாக வராது, ஆர்மையே மாற்ற வேண்டும் என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் தனியாகத்தான் வந்தது, அதுவும் கேட்ட மாத்திரத்தில். பழையதைச் சுத்தியலால் அடித்து எடுக்க நினைக்காதீர்கள், ஆர்ம் வளைந்துவிடும். லேத் பட்டறையில் பிரஸ் வைத்துச் சில நிமிடங்களில் தள்ளிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு காரியம்: ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷின் ரப்பரில் இரண்டு பக்கம் இடைவெளி விட்டிருப்பார்கள். அது எந்தத் திசை பார்க்கிறதோ அதே திசையில்தான் புதியதும் உட்கார வேண்டும். ஆர்மில் கோடு கிழித்துக்கொண்டு கொடுங்கள். என் பழைய புஷ்ஷில் ரப்பர் உள்குழாயை விட்டுப் பிரிந்து, இடையே நகம் போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. தொட்டால் கையெல்லாம் கரி. வாட்டர் வாஷ் முடிந்ததும் துரு பிடிக்காது என்று வண்டிக்கு அடியில் டீசல் அடிக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ரப்பரை ஊறவைத்துக் கெடுக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அடிக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இந்த வேலை முழுவதிலும் முக்கியமானது கடைசியில் முடுக்கும் போல்ட்தான். வண்டி ஜாக்கி ஸ்டாண்டில், சக்கரம் தொங்கும் நிலையில் இருக்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கவே கூடாது. புஷ் சுழல்வதில்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்முக்கு வழி விடுகிறது. தொங்கலில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கேறியே இருக்கும். பிறகு சீக்கிரமே கிழியும். கையால் மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு குறித்த அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். லிஃப்டில் தூக்கி வைத்தபடியே எல்லாவற்றையும் இறுக்கி அனுப்பும் இடங்களில் மாற்றிய புஷ் சில மாதங்களில் மறுபடி சத்தம் போடுவது இதனால்தான். பழியெல்லாம் 'டூப்ளிகேட் புஷ்' மேல் போகும்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, அதுவும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்குவதோடு வீட்டு வேலை முடிந்தது என்று வையுங்கள். அமுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே கொன்றுவிடும். நான் இரண்டு ஸ்ட்ரட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் மாற்றி வாங்கி வந்தேன். முறிந்தது ஒன்றுதான் என்றாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழையது அமுங்கியிருக்கும், வண்டி சாய்ந்து நிற்கும். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட்.

பலன்? புது வண்டி வாங்கியது போல இருந்தது. ஸ்டியரிங் நேராக நிற்கிறது, பள்ளத்தில் இறங்கினால் உடம்புக்கு அதிர்ச்சி வருவதில்லை, டயர் சீராகத் தேய்கிறது. ஓராண்டில் ஒரு பெருமழைக் காலமும் கடந்துவிட்டது. அந்த 'டொக்' திரும்பவில்லை. இதுவரைக்கும் நூற்றுக்கு நூறு.

ஆனால் ஆர்முக்கு ரப்பர் போட்ட நான், இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாருக்கு, ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டேன். "ஆயுசுக்கும் வரும் சார்" என்றார் கடைக்காரர். வரும்தான், யார் இல்லை என்றது? திருப்பத்தில் வண்டி சாய்வதும் குறைந்திருக்கிறது. ஆனால் கூடவே வந்த சிலிகான் கிரீஸ் வற்றியதிலிருந்து, பேஸ்மென்ட் சரிவில் ஏறும்போது தினமும் காலையில் 'கீ...ச்'. வாட்ச்மேன் நிமிர்ந்து பார்க்கிறார். மூன்றாம் மாடி மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். மழையில் நனைந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. சென்னையில் அப்படி எத்தனை நாள் கிடைக்கும்? மே மாதம் முழுக்க அது வாய் ஓயவில்லை. ஜன்னலை ஏற்றிப் பாட்டு வைத்தாலும் காது அதைத்தான் தேடுகிறது.

மறுபடி கிரீஸ் வைக்கலாம். அதற்கு எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சட்டமான சப்ஃபிரேமை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் போல்ட்டுக்குக் கையே போகாது.

ஆகவே நண்பருக்கு: ஆர்ம் புஷ்ஷைத் தாராளமாக வீட்டில் மாற்றுங்கள், ரப்பரையே போடுங்கள். ஸ்டெபிலைசருக்கும் ரப்பர் புஷ் ஒரு ஜோடி வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவு நன்றாக ஓடும் வண்டியை விற்பார்களா என்று கேட்பீர்கள். இன்று காலை அந்தச் சரிவில் ஏறிவந்த எரிச்சலில் சொல்கிறேன்: நியாயமான விலைக்கு ஆள் வந்தால், அந்தப் புஷ் ஜோடியையும் சேர்த்துச் சாவியைக் கொடுத்துவிடுவேன்.