மார்ஃபின் சாப்பிடும் அம்மா அடிமையா?

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தால், நோயாளியைவிட வீட்டார்தான் முதலில் பதறுவார்கள்: "அம்மா இதுக்கு அடிமையாயிடுவாங்களே, டாக்டர்?" சார்பு, அடிமைத்தனம் என்ற இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று சில வாரம் போனாலே உடல் அதற்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. இது சார்பு. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனசிபாம் மாத்திரையும் இப்படித்தான், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஏன், காலையில் டிகாஷன் காபி தவறினால் மதியம் மண்டை பிளக்கிறதே, அதுவும் இதே ரகம்தான். அதற்காக யாரும் அண்டாவை அடகு வைப்பதில்லை.

அடிமைத்தனம் வைக்கும். வலி போன பின்னும் மருந்தைத் தேடும், ஒளித்து வைக்கும், வேலையே போனாலும் விடாது. கோகெய்னை நிறுத்தினால் வாந்தி, பேதி என்று உடல் பெரிதாகப் படுத்தாது, ஏக்கம்தான் துரத்தும். மாதங்கள் கழித்துப் பழைய கூட்டாளியைப் பார்த்ததும் கை பரபரக்கும். குடிநோயில் இரண்டும் சேர்ந்தே வரும்: காலையில் கை நடுங்குவது சார்பு, ஈரல் கெட்டது தெரிந்தும் கடைக்கு நடப்பது மற்றது.

இந்தக் குழப்பத்தில் மருத்துவர்களுக்கும் பங்குண்டு. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1987 பதிப்பில் அடிமைத்தனத்தையே 'சார்பு' என்றுதான் எழுதியது. 2013-இல் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். மருத்துவர் சொன்னபடி மருந்து சாப்பிடுபவரின் உடல் பழக்கத்தை இப்போது அதில் நோய் அறிகுறியாகக் கணக்கிடுவதில்லை.