நிலைவாசலைப் பட்டா போட்டுக்கொண்ட துரை: வயதான ராஜபாளையம் நாயோடு ஓர் அனுபவம்

காப்பகத்திலிருந்து வயதான ராஜபாளையம் நாய் ஒன்றைத் தத்தெடுத்து வளர்த்துவரும் அனுபவத்தை எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். துரையின் இடுப்பு எக்ஸ்ரேவுக்கும் மருந்துக்கும் இந்த மாதம் ஆன செலவும், இதே இனத்தில் இன்னொரு வயதான நாயை எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருப்பதும் இப்போது எழுத வைத்திருக்கின்றன. ராஜபாளையம் நாயின் அங்க அடையாளங்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் இனங்களின் தபால்தலைகளுள் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் தேன்நிறக் கண்ணும் யாரும் அறிந்தவையே. நான் சொல்ல வந்தது அழகைப் பற்றியல்ல, எங்கள் வீட்டு நிலைவாசலைப் பற்றி.

துரை நிலைவாசலில் குறுக்கே படுப்பான். ஒதுங்கி ஓரமாக அல்ல. தலை ஒரு நிலைக்காலிலும் பின்கால்கள் மறு நிலைக்காலிலும் முட்டும்படி, அவனைத் தாண்டாமல் யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாத வகையில் படுப்பான். தாண்ட முயன்றால் உறுமுவான். அந்த இடத்தைத் தேர்ந்ததில் அவனுக்கென்று நியாயங்கள் இருக்கின்றன என்பதை மறுக்க முடியாது: கூடத்தில் போட்டிருக்கும் வழவழப்பான டைல்ஸில் வயதான நாயின் பின்கால்கள் வழுக்கி அகன்றுபோகின்றன, வாசல்படியின் சொரசொரப்பான கல்லோ காலுக்குப் பிடிப்பாக இருக்கிறது, காற்று அங்கேதான் வருகிறது, அங்கிருந்து பார்த்தால் தெருக்கதவும் தெரியும், அடுக்களையும் தெரியும். வேட்டைக்கும், தோட்டத்தையும் தொழுவத்தையும் காப்பதற்கும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் இதைவிடப் பொருத்தமான இடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வழுக்காத விரிப்புகளை வாங்கிக் கூடம் முழுவதும் போட்டுப் பார்த்தோம். அவற்றுள் ஒன்றை மட்டும் அவன் ஏற்றுக்கொண்டான், அதுவும் அதை வாசலுக்கு இழுத்துவந்து போட்ட பிறகுதான். அன்றிலிருந்து எங்கள் குடும்பம் அடுக்களையின் பின்வாசல் வழியாகவே போய்வருகிறது; விருந்தினர்களும் பாத்திரங்களுக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

காப்பகத்தின் தத்தெடுப்பு அறிவிப்பில், பிடிவாதக் குணமுள்ள நாய் என்றும், நாய் வளர்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே தரப்படும் என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். வயது ஏழு என்றார்கள். எங்கள் கால்நடை மருத்துவர் பல்லின் தேய்மானத்தையும் விழியாடியில் (கண்ணின் லென்ஸில்) படர்ந்திருந்த நீலச் சாயலையும் பார்த்துவிட்டு ஒன்பதுக்குக் குறையாது என்றார். அந்த நீலச் சாயல் கண்புரை அல்ல. ஆறேழு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்கு வருவதுதான், பார்வையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முறையாகப் போடப்பட்டிருந்தன. காப்பகத்தார்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் புதிதாக வந்த நாய் மூன்று நாளில் அச்சம் தெளியும், மூன்று வாரத்தில் பழகும், மூன்று மாதத்தில் வீட்டு நாயாகிவிடும் என்று எல்லாக் காப்பகங்களிலும் சொல்லப்படும் கணக்கை இந்த இனத்துக்கு, அதுவும் இந்த வயதில், யாரும் சொல்லக் கூடாது. துரை என் கையிலிருந்து தின்பதற்கே மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டான். என் கணவர் பக்கத்தில் படுப்பதற்கு ஓராண்டு கடந்தது.

நான் தேனிப் பக்கம் கோம்பை நாய்களோடு வளர்ந்தவள் என்பதால்தான் எங்களுக்குத் தந்தார்கள். அந்த அனுபவத்தால் என்ன பயன் என்று பலர் கேட்கிறார்கள். நாயை அடக்கத் தெரிந்திருப்பதுதான் அனுபவம் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாசலில் படுத்திருக்கும் நாயிடம் புதியவர்கள் செய்யும் முதல் காரியம் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பது. பல கடிகள் அங்கேதான் தொடங்குகின்றன. துரை உறுமுவதற்கு முன்பே உடல் விறைத்து, மென்றுகொண்டிருப்பதை நிறுத்தி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவருவான். அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். உதடு உயர்வது அதற்குப் பின், உறுமல் அதற்கும் பின். உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும் என்பது உண்மை, ஆனால் கடிப்பதை நிறுத்தாது. எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாயாக அதை மாற்றிய பெருமை அடித்தவரையே சேரும். ஆகவே நாங்கள் இழுப்பதும் இல்லை, அதட்டுவதும் இல்லை. சற்றுத் தள்ளி விரிப்பைப் போட்டு, அதில் அவித்த கோழி ஈரல் துண்டை வைத்து அழைப்போம். எழுந்து வருவான், தின்பான், எங்களை ஒருமுறை பார்ப்பான், திரும்பிப் போய் வாசலில் படுப்பான். பயிற்சி முறையில் பிழையில்லை. பயிற்சியின் நோக்கத்தை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது என் மாமியார். எழுபதைத் தாண்டிய அவர் வாழ்நாளில் நாய் வளர்த்ததில்லை. கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து, நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, “ஐயா துரை, கொஞ்சம் வழி விடுப்பா” என்பார். துரை எழுந்து வழி விடுவான். “நீங்க மட்டும் சொன்னா கேக்கறானே, எப்படி அத்தை?” என்று கேட்டால், “அவனுக்கும் எந்திரிக்க நேரம் கொடுக்கணும்ல, வயசாச்சில்ல?” என்பார். பயிற்றுநர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் அத்தனையும் (நேர்ப்பார்வை கூடாது, மேலே குனியக் கூடாது, சொன்னபின் காத்திருக்க வேண்டும்) அவரிடம் இயல்பாகவே இருக்கின்றன. அதே சொற்களை அதே கோணத்தில் நின்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். துரை கண்ணை மூடிக்கொள்வான்.

அத்தை சொன்ன வயதுக் காரணம் பாதி சரி என்பது இந்த மாதம் தெரியவந்தது. எழும்போது பின்பக்கம் தடுமாறியதால் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு மூட்டுகளில் தேய்மானமும் கீழ்முதுகின் முள்ளெலும்புகளுக்கிடையே எலும்புப் பாலங்களும் இருந்தன. எழுந்திருப்பதே வலி என்னும்போது எழச் சொல்பவர்மீது உறுமுவது இயற்கை. ஆகவே வயதான நாயின் பிடிவாதத்தைப் பற்றி யார் புகார் சொன்னாலும் முதலில் எலும்பைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவர் வலிக்கு மெலாக்சிகாமும் கேபபென்டினும் எழுதிக்கொடுத்தார். (மனிதர்களுக்கான பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ வீட்டிலிருக்கிறதே என்று நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.) மருந்து நன்றாகவே வேலை செய்தது. இப்போது துரை தடுமாறாமல் எழுகிறான், தெருக்கதவு வரை துள்ளி ஓடுகிறான், படியேறுகிறான். அதே உற்சாகத்தோடு வந்து நிலைவாசலில் முன்னைவிட நீளமாகப் படுத்து, தாண்டினால் முன்னைப்போலவே உறுமுகிறான். வலியால்தான் அங்கே கிடக்கிறான் என்று அவனுக்காக நான் பரிந்து பேசிய வாரங்களை எண்ணினால் எனக்கே கோபமாக வருகிறது.

ஒருவேளை காது கேட்கவில்லையோ என்றும் யோசித்துப் பார்த்துவிட்டோம். வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபுக்கூறு உட்செவியின் நிறமிச் செல்களையும் இல்லாமலாக்கிவிடுவதால் இந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். ஒரு காது மட்டும் கேளாத நாய்களும் உண்டு, அவற்றுக்குச் சத்தம் கேட்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது. கைதட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனைதான் உறுதியாகச் சொல்லும். துரைக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை. மாடியில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் எந்தத் தளத்தில், எந்த அறையில் என்று தெரிந்து வந்து நிற்பவனுக்குக் காது கேட்கவில்லை என்று எந்த மருத்துவரிடம் போய்ச் சொல்வது?

இவ்வளவு குறை சொன்னபின் நிறைகளையும் சொல்வதுதான் முறை, அவை சிறியவை அல்ல. வந்த நாள் முதல் வீட்டுக்குள் ஒருமுறைகூட அசுத்தம் செய்ததில்லை, செருப்பைக் கடித்ததில்லை, இரவில் ஒரே இடத்தில் தூங்குவான். காரணமில்லாமல் குரைக்க மாட்டான், ஆகவே குரைத்தால் எழுந்து பார்க்கிறோம், பார்க்கும்போதெல்லாம் காரணம் இருந்திருக்கிறது. தீபாவளி வெடிக்கு அசரவில்லை. பூனையையும் அணிலையும் கண்டால் மட்டும் இடுப்பு வலியையும் மறந்து பாய்வான் என்பதால், கழுத்துப்பட்டையை நம்பாமல் உடல்பட்டை போட்டுத்தான் தெருவுக்கு அழைத்துச் செல்கிறோம். இவ்வகை வேட்டைநாய்களின் தலை குறுகலானது, பின்வாங்கினால் சாதாரணப் பட்டை கழன்று வந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது அவனுடைய நேர்மையை. வாலாட்டிக்கொண்டே கடிக்கும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன், துரை அப்படியல்ல. பிடிக்கவில்லை என்றால் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவான், பிடித்துவிட்டதென்றால் அதைப் பிறகு மாற்றிக்கொள்ள மாட்டான். என் மகன் தேர்வுக்குப் படித்த இரவுகளில் மட்டும் அவன் நிலைவாசலை விட்டுவிட்டு மாடிப்படியின் கீழே வந்து படுத்தான். யாரும் அழைக்கவில்லை, ஈரலும் வைக்கவில்லை. இதுவரை எங்கள் வீட்டில் இருந்த நாய்களில் இவனே சிறந்தவன் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் இந்த வாரம் நடந்ததையும் எழுதியாக வேண்டும். தண்ணீர் கேன் போடும் தம்பி புதியவர். பின்வாசல் வழக்கத்தை அவரிடம் யாரும் சொல்வதற்குள் இருபது லிட்டர் கேனைத் தோளில் சுமந்துகொண்டு நிலைவாசலுக்கு வந்து துரையைத் தாண்டினார். துரை முறைப்படி விறைத்தான், முறைப்படி உறுமினான். கேனுக்குக் கீழே இருந்தவருக்கு இரண்டும் தெரியவில்லை. அடுத்து கால்சட்டையின் ஓரம் துரையின் வாயில் இருந்தது. பல் தோலில் படவில்லை என்பதைப் பலமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டேன். பட்டிருந்தால், ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிச்சென்றிருக்க வேண்டும். புதிய கால்சட்டைக்குப் பணம் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்ட தம்பி, “என்னக்கா இது, வாசலையே பட்டா போட்டுக்கிச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனார். சரியான கேள்வி. இப்போது பகலில் ஆள் வரும் நேரங்களில் துரைக்குக் கூடை அமைப்புள்ள வாய்மூடி போடுகிறோம். துணியில் தைத்தது வேண்டாம். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது, சென்னை வெயிலில் அதற்கும் வழியில்லாமல் செய்துவிடக் கூடாது. வாய்மூடி போட்ட பிறகும் அவன் படுக்கும் இடம் மாறவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மேலே எழுதியவற்றைத் தராசில் வைத்தால் எடுக்கலாம் என்ற தட்டுதான் தாழும். வளர்ந்த நாய் என்பதால் குணத்தைப் பார்த்தே எடுக்கலாம்; குட்டியாக வாங்கிவிட்டு, இரண்டு வயதில் அது யாரையும் வீட்டுக்குள் விடாத காவல்நாயாக நிற்கும்போது காப்பகத்தில் கொண்டுபோய் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். அவரும் நாய் பழகியவர். இருந்தாலும் என் பதில் வேண்டாம் என்பதே. அவருடையது இரண்டாம் மாடியில் உள்ள அடுக்குமாடி வீடு, ஒரே வாசல். அதுகூட முதன்மையான காரணமல்ல. போன மாதம் கேட்டிருந்தால் நானே அழைத்துப்போய்க் கையெழுத்துப் போட வைத்திருப்பேன், இந்த வாரம் எனக்கு அந்த மனநிலை இல்லை. அப்படியும் எடுத்தே தீருவேன் என்பாரானால், முதலில் அந்த நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரேவும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடட்டும். பிறகு, சில வாரங்கள் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்க்கக் காப்பகம் அனுமதிக்குமா என்று கேட்டு, அனுமதித்தால் கூட்டிப் போகட்டும். அந்த வாரங்களில் தண்ணீர் கேனை மட்டும் தெருமுனைக் கடையிலிருந்து அவரே தூக்கி வரட்டும்.