சொல்லிச் செய்த பேஸ் கிட்டார்: காத்திருப்பையும் சேர்த்து ஒரு மதிப்புரை

அளவு கொடுத்துச் செய்விக்கும் பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கைக்கு வந்து சேர்ந்த கருவியைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். ஆனால், வாங்குபவர் அந்தக் கருவியோடு வாழத் தொடங்குவது முன்பணம் கட்டிய நாளிலிருந்துதான். இடைப்பட்ட மாதங்களில் எவ்வளவு காலம் மரத்துக்கு வேண்டியது, எவ்வளவு காலம் பட்டறையின் மெத்தனத்தால் போனது என்று பிரித்துப் பார்க்காமல், செய்து கொடுத்தவரைப் புகழ்வதோ குறை சொல்வதோ நியாயமாகாது. ஓரிருவர் மட்டுமே வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் ஐந்து தந்தி பேஸ் ஒன்றைச் செய்யச் சொல்லி, அவர்கள் சொன்ன கெடு கடந்து வெகுநாள் கழித்துப் பெற்றுக்கொண்டேன். கருவி மிக நன்றாக இருக்கிறது; சேவையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. குறைகளையும் எழுதப் போவதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

தொடக்கக்கட்டப் பேச்சுவார்த்தைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். என்ன மரம், என்ன நிறம் என்று எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. நின்று வாசிப்பவரா உட்கார்ந்து வாசிப்பவரா, தோள்வாரை எவ்வளவு இறக்கிக் கட்டுவீர்கள், கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் பழக்கம் உண்டா, இப்போதுள்ள கிட்டாரில் நெடுநேரம் வாசித்தால் கையில் எந்த இடம் வலிக்கிறது என்பவைதாம் பட்டறைக்காரரின் முதல் கேள்விகள். என்னிடம் இருந்த கருவியில், பிரிட்ஜுக்கு (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு) அருகே தந்திகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து அனுப்பவும் சொன்னார். நான்கு தந்தி பேஸ்களில் 19 மி.மீ. என்பது வழக்கமான இடைவெளி. ஐந்து தந்திக்கும் அதையே வைத்தால் நெக் (இடக்கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) அகன்று இடக்கை திணறும், 16.5 மி.மீ. வரை குறைத்தால் தந்திக்கு அடியில் விரலை நுழைத்துச் சுண்ட இடம் போதாது. பேசிப் பேசி 18 மி.மீ.க்கு வந்தோம். இன்று அந்தக் கருவியை எடுத்தவுடன் கை தடுமாறாமல் ஓடுவதற்கு, வேறு எதையும்விட அந்த ஒரு முடிவே காரணம் என்று நினைக்கிறேன்.

தந்தியின் நீளத்தைத் தீர்மானித்த விதமும் அதே அக்கறையோடு இருந்தது. 1951இல் ஃபெண்டர் வெளியிட்ட பிரசிஷன் பேஸ், நெக்கின் தலைமுனையில் தந்திகள் தங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம் கொண்டது. இன்றுவரை பேஸ் உலகின் பொது அளவு அதுதான். நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்தாவதாகச் சேரும் பி தந்தியோ 31 ஹெர்ட்ஸுக்குக் கீழிறங்குகிறது. அவ்வளவு தாழ்ந்த சுருதியில் தந்தி தொய்ந்துபோய், சுரம் தெளிவாக எழாமல் வெறும் உறுமலாக நின்றுவிடுவது ஐந்து தந்தி பேஸ்களின் பழைய நோய். அதே தடிமனுள்ள தந்தியை அதே சுருதிக்கு 35 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை கிட்டத்தட்ட 6 விழுக்காடு கூடும். காகிதத்தில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு பி தந்தியில் காதுக்குத் தெரிகிறது. பதிலுக்கு, முதல் ஃபிரெட்டை (நெக்கின் குறுக்கே சுரம் பிரிக்கப் பதித்த உலோகக் கம்பியை) எட்டுவதற்குக் கை இன்னும் சற்று நீள வேண்டும். இரண்டையும் பட்டறைக்காரர் மறைக்காமல் சொன்னார். முடிவை என்னிடம் விட்டார். 35 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து மரம். காத்திருப்பின் பெரும்பகுதி இதற்கே போனது. இந்தப் பகுதியைக் குறித்து எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஐந்து தந்திகளும் சேர்ந்து நெக்கின் மேல் 90 கிலோ எடைக்கு நிகரான அல்லது அதற்கும் கூடுதலான இழுவிசையை இரவும் பகலும் செலுத்திக்கொண்டே இருக்கின்றன. அதைத் தாங்க வேண்டிய மரத்தில் ஈரப்பதம் 6 முதல் 8 விழுக்காட்டுக்குள் நின்றிருக்க வேண்டும். காற்றில் உலரவிட்டால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது மர வேலைக்காரர்களின் பழைய கணக்கு; சூளையில் உலர்த்தினால் காலம் குறையும். ஆனால், உலர்ந்த பலகையும் அறுத்தவுடன் சும்மா இருப்பதில்லை. உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் அறுப்பில் விடுபட, பலகை மெல்ல வளையும் அல்லது முறுக்கிக்கொள்ளும். ஆகவே நெக்கைத் தேவைக்குச் சற்றுத் தடிமனாகவே அறுத்து, சில வாரம் அப்படியே விட்டுவைத்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, மீண்டும் இழைத்து, மறுபடியும் விட்டுவைக்கிறார்கள். உள்ளே வைக்கும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி பின்னாளில் நெக்கின் வளைவைச் சரிசெய்ய உதவும். முறுக்கலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஓய்வு நாள்களைச் சுருக்கிக் கேட்கும் வாடிக்கையாளர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்.

என் கருவிக்கு மேப்பிளும் வெங்கே என்ற கடினமரமும் மாறி மாறி ஒட்டிய ஐந்து அடுக்கு நெக். உள்ளே ட்ரஸ் ராடின் இருபுறமும் கார்பன் இழைக் கம்பிகள். முதல் ஓய்வுக்குப் பிறகு ஓர் அடுக்கு முறுக்கிக்கொள்ளத் தொடங்கியதால் அந்த நெக்கையே ஒதுக்கிவிட்டு, வேறு பலகையில் தொடங்கினார்கள். கெடு தள்ளிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் செய்தியை அவர்களே முன்வந்து சொன்னார்கள், ஒதுக்கிய நெக்கின் மேல் எஃகு அளவுகோலை வைத்து, இடையில் ஒளி கசிவதைப் படமெடுத்தும் அனுப்பினார்கள். வந்த படங்களிலேயே உருப்படியானது அதுதான். மற்றவை மர ரேகை தெரிய எண்ணெய் தடவிய பாடி, சீவல்கள் பறக்கும் மேசை, மாலை வெளிச்சத்தில் பட்டறைச் சன்னல் என்று கண்ணுக்கு அழகானவை. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவற்றிலிருந்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

ஃபிங்கர்போர்டுக்கு (நெக்கின் மேல் விரல் பதியும் பலகைக்கு) முதலில் ரோஸ்வுட் கேட்டிருந்தேன். ரோஸ்வுட் அடங்கிய டால்பெர்ஜியா பேரினத்து மரங்கள் அனைத்தும் 2017 ஜனவரி 2 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் இறுதியில் விலக்குக் கிடைத்தாலும், எல்லை தாண்டும் வெறும் பலகைக்கு இன்றும் ஆவணங்கள் வேண்டும். கையிருப்பில் நல்ல துண்டு இல்லை என்பதையும், வரவழைத்தால் எப்போது வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் பட்டறைக்காரர் முன்கூட்டியே எடுத்துச் சொன்னதால் கருங்காலிக்கு மாறினேன். ஒலியில் இழந்தது ஏதாவது உண்டா என்றால், என் காதுக்கு இல்லை.

குறை தொடங்குவது இதற்குப் பிறகுதான். மர வேலை முடிந்ததும் இரண்டாம் தவணையைக் கேட்டு உடனே கடிதம் வந்தது. கட்டியதும் பட்டறை வாயை மூடிக்கொண்டது. கேட்டு எழுதிய கடிதங்களுக்கு வெகுநாள் கழித்து, ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று ஒற்றை வரியில் பதில் வரும். உண்மையில் வேலை நடக்கவில்லை. வேறொரு நிறுவனத்திடம் சொல்லிவைத்திருந்த பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் உறுப்புகள்) வரவில்லை என்பதும், அவற்றின் சரியான அளவு தெரியாமல் பாடியில் குழி வெட்ட முடியாது என்பதும், அந்த இடைவெளியில் வேறு ஒருவரின் கருவியை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதும் பின்னால் தெரிந்தன. இதில் எதுவும் குற்றமல்ல. இருவர் நடத்தும் பட்டறையில் ஒரு வேலை தடைப்பட்டால் அடுத்ததைத் தொடுவதுதான் முறை. நெக் முறுக்கியதைப் படத்தோடு சொல்லத் தெரிந்தவர்களுக்கு, பிக்கப் வரவில்லை என்று ஒரு வரி எழுதத் தெரியாமல் போனதுதான் எனக்கு விளங்கவில்லை. மரத்தின் மேல் பழி போடும்போது நாணயமாக இருந்தவர்கள், தங்கள் நிர்வாகத்தின் மேல் பழி வரும்போது ஒளிந்துகொண்டார்கள் என்றே தோன்றியது. பேஸ் வாசிப்பவர்கள் பொதுவாகப் பொறுமைசாலிகள். அதற்காக அந்தப் பொறுமையைப் பட்டறையின் கையிருப்பில் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

மேல்பூச்சுக்கு ஆன காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வேண்டும் என்று கேட்டவன் நான். பாலியூரித்தேன் வேதிவினையால் இறுகுவதால் விரைவில் கெட்டிப்படும்; லேக்கர் அப்படியல்ல, கரைப்பான் ஆவியாகப் போகப் போக வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றினால், அன்றைக்குக் கண்ணாடிபோல் இருப்பது சில மாதங்களில் உள்வாங்கி மரத்தின் குழிகள் வெளியே தெரியும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும். பாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கும்போது ஆஷ் மரத்தின் ஆழமான ரேகைகளின் மேல் பூச்சு இன்றும் சமமாகவே நிற்கிறது. லேக்கர் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில ரப்பர்கள் இந்தப் பூச்சை இளக்கிவிடும், எனவே கிட்டார் தாங்கியில் ரப்பர் இருந்தால் துணி சுற்றிவிட்டு வையுங்கள்.

இனி கருவி. நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன்; ஒரு ஃபிரெட்டின் நுனிகூடக் கீறவில்லை. எஃகு ஃபிரெட்டுகளின் முனைகளை அரைக்கோளமாக உருட்டி, ஓரத்திலிருந்து இம்மியளவு உள்ளே தள்ளி முடித்திருக்கிறார்கள். வறண்ட பருவத்தில் மரம் சுருங்கும்போது பல விலையுயர்ந்த கிட்டார்களிலும் ஃபிரெட் முனைகள் துருத்திக்கொண்டு வரும். அப்படியொரு பருவத்தைக் கடந்த பிறகும் இதில் துருத்தல் இல்லை. நெக்கை இடைவெளி கொடுத்து அறுத்ததன் பலன் இது. பி தந்தி திறந்த நிலையிலும் மேல் ஃபிரெட்டுகளிலும் ஒரே குணத்தோடு ஒலிக்கிறது; குழுவோடு வாசிக்கையில் பாஸ் டிரம் அடியோடு குழம்பாமல் சுரமாகவே கேட்கிறது. தோள்வார் மாட்டும் மேல்கொம்பு 12ஆம் ஃபிரெட் வரை நீண்டிருப்பதால், கையை எடுத்தாலும் தலைப்பகுதி கீழே சாயவில்லை.

ஜி தந்தியில் 5 முதல் 7 வரையுள்ள ஃபிரெட்டுகளில் ஒலி சட்டென்று அவிந்துபோகும் இடம் ஒன்று பெரும்பாலான பேஸ்களில் உண்டு. தந்தியின் அதிர்வும் நெக்கின் இயல்பான அதிர்வும் ஒன்றோடொன்று பொருந்தி, தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்வதால் வருவது இது. கார்பன் கம்பிகள் இதைக் குறைக்கும், ஒழிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று பட்டறைக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். என் கருவியில் 6ஆம் ஃபிரெட்டில் லேசாக இருக்கிறது. நீண்ட சுரத்தைப் பிடித்து நின்றால் மட்டும் தெரிகிறது. முன்னமே சொல்லப்பட்டதால் அதைக் குறையாக எண்ணவில்லை. எடை சற்று அதிகம் என்பதும், முன்பெருக்கிக்கான (கருவிக்குள்ளேயே ஒலிக்குறியைப் பெருக்கும் மின்சுற்றுக்கான) 9 வோல்ட் மின்கலத்தை மாற்றத் திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருப்பதும் உண்மையான குறைகள். மேடையில் மின்கலம் தீர்ந்தால் திருப்புளி தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு தாழ்ப்பாள் மூடி போட்டிருந்தால் போதும்.

கடையில் மாட்டியிருக்கும் கருவியில் கிடைக்காத ஒன்று திட்டவட்டமாகத் தேவைப்படுபவருக்கே இந்த வழியைப் பரிந்துரைப்பேன். 1975இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்காக, கிட்டார் செய்பவரான கார்ல் தாம்சன் ஆறு தந்தி பேஸைச் செய்தபோது, தாழ்ந்த பி முதல் உயர்ந்த சி வரை கட்டிய பேஸைக் கடைக்குப் போய் வாங்க வழியிருக்கவில்லை. இன்று அது பல நிறுவனங்களின் வழக்கமான பட்டியலில் இருக்கிறது. எதுவும் குறிப்பாகத் தேவையில்லை, அழகான மரத்தில் ஒன்று வேண்டும் என்பவர் கடைக்குப் போய், கையில் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்குவதே மேல். சொல்லிச் செய்த கருவியைப் பிடிக்கவில்லை என்றால் விற்பதும் கடினம். உங்கள் கைக்குப் பொருந்திய அளவு அடுத்தவர் கைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. இந்தப் பட்டறையிலேயே செய்யச் சொல்வதானால், பிக்கப்பும் முன்பெருக்கியும் கையில் வந்து சேர்ந்த பிறகே இரண்டாம் தவணை என்று முதல் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சில் நல்லவர்கள், அதற்கு மறுக்க மாட்டார்கள்.

கருவியோடு சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்ட மின்சுற்று வரைபடம் இன்னும் வரவில்லை. முன்பெருக்கியில் கோளாறு வந்தால் வேறொருவர் திறந்து பார்த்துச் சரிசெய்ய அது அவசியம். கேட்டு எழுதியதற்கு ‘தேடி அனுப்புகிறோம்’ என்று பதில் வந்திருக்கிறது.