வாரம் இருமுறை வரும் பயிற்றுநர்: வன்னிக் கழகங்களுக்குக் காசுக்குப் பெறுமதியா?

தொடர்ந்து தோற்கும் உதைபந்தாட்ட அணிக்கு வெளியிலிருந்து பயிற்றுநர் பிடித்தால், பொதுவாக வாரம் இரண்டு மாலை, 90 நிமிடம் கிடைக்கும். அது பயன்படுமா என்பது பிழை யாரிடம் என்பதைப் பொறுத்தது.

முதல் 60 நிமிடம் நன்றாக ஆடி, கடைசி அரைமணியில் கோல் வாங்கினால் அது உடல்தகுதிக் குறை. இரண்டு மாலையில் எவராலும் அதை ஏற்ற முடியாது. மற்ற நாட்களில் வீரர்கள்தான் ஓட வேண்டும். அரிவி வெட்டுக் காலத்தில் பாதிப்பேர் வயலில் நிற்க, பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்காமல் பயிற்றுநரைத் திட்டுவது அநியாயம்.

ஆனால் மைதான மூலையிலிருந்து அடிக்கும் கோணர் உதையில் கோலின் தூரக் கம்பப் பக்கம் ஆளில்லாமல் ஒரே மாதிரிக் கோல் திரும்பத் திரும்ப விழுந்தால், பொறுப்பு பயிற்றுநருடையதுதான். 2016 செப்டெம்பரில் ஆர்சனலிடம் 3-0 எனத் தோற்ற இங்கிலாந்துக் கழகமான செல்சி, பயிற்றுநர் கொன்டே பின்களத் தடுப்பாளர்களை மூவராக்கியபின் லீக்கில் தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றது. வீரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்.

நல்ல பயிற்றுநர் முதலில் பந்தின் காற்றைப் பார்ப்பார். விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அமுக்கம். காய்ந்த செம்மண் தரையில் கீழெல்லையை ஒட்டி வைத்தால் துள்ளல் அடங்கும். பிறகு ஐந்து பேர் வட்டமாகப் பாஸ் கொடுக்க, இருவர் நடுவில் நின்று பறிப்பார்கள். இருபது பேரை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கோலுக்கு அடிக்க விடுபவர் வேண்டாம்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒருவர் காலில் பந்து படும். கோல் காப்பாளருக்குத் தனியாக 20 நிமிடம் ஒதுக்குவாரா என்று, காசு பேசும்போதே கேளுங்கள்.