நாமக்கல் கிராங்க் கிரைண்டிங் பட்டறை: அளந்து பார்த்துத்தான் பேசுகிறார்கள்

ஆயில் பிரஷர் விழுந்து பேரிங் இடம் நழுவிச் சுற்றிய லாரி கிராங்க்கை (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக மாற்றும் இன்ஜின் தண்டு) தூரத்தில் பார்த்தே "புதுசு வாங்கிடுங்க" என்று வேறொரு இடத்தில் சொன்ன பிறகுதான் இங்கே கொண்டுபோனேன். இவர்கள் ஒவ்வொரு ஜர்னலையும் (தண்டில் பேரிங் உட்காரும் உருண்டையான பகுதி) மைக்ரோமீட்டரில் இரண்டு பக்கமாக அளந்து, காந்தப்பொடி போட்டு விரிசல் பார்த்தார்கள். ஜர்னல் ஓரத்து வளைவில் விரிசல் இருந்தால் தொடவே மாட்டோம், மாற்றித்தான் ஆகணும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அது பிடித்தது. நல்லவேளை, இல்லை. ஏற்கெனவே 0.25 மி.மீ. அரைத்தது என்பதால் இப்போது மொத்தம் 0.50 மி.மீ. குறைகிற அளவுக்கு அரைத்து, அந்தக் குறைவுக்கு ஏற்ற சைஸ் பேரிங் போட்டாச்சு. ஆயில் துளைகளைக் கழுவி, காற்றடித்துக் காட்டித்தான் கொடுத்தார்கள். கூலி நியாயம். ஆனால் சரியான கூட்டம், சொன்ன தேதியை நம்பி லோடு பிடிக்காதீர்கள்.