கண்ணாடி மேசையில் இரண்டு தாள்: 3,000 வெள்ளிக் கடனை யாரிடம் கேட்பது?

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில் நான் நடத்துவது ஒரு போட்டோஸ்டேட் கடை. கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு, பள்ளிக்கூடப் படிவம் எல்லாம் என் மெஷினைத் தாண்டித்தான் போகும். யாருக்குக் கடன் தேவைப்படுகிறது என்பது அவர்கள் வீட்டுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஐசியின் (அடையாள அட்டை) முன்பக்கம் பின்பக்கம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கரண்ட் பில் என்று ஒரு செட் எடுக்க வந்தால் வேறென்ன காரணம்? நானாகக் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் காதில் வாங்கிக்கொள்வேன்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரே மத்தியானத்தில் இரண்டு தாள் வந்தன. ஒன்று, செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கலர்ல அடிச்சுக் குடு தம்பி" என்று கேட்ட 'கடன் ஒப்புதல் கடிதம்'. இன்னொன்று, பள்ளிக் கேண்டீனில் வேலை செய்யும் அக்கா நகல் எடுக்கக் கொண்டு வந்த அக்ரிமெண்ட். டவுனில் லைசன்ஸோடு நடக்கும் வட்டிக்கடை ஒன்றில் போட்டது. இருவருக்கும் தேவை 3,000 வெள்ளி (ரிங்கிட்). இரண்டையும் மேசைக் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அழகு என்று பார்த்தால் அண்ணனின் கடிதத்துக்குத்தான் பரிசு. மேலே இரு புலி நிற்கும் நாட்டுச் சின்னம், வட்டிக்கடைக்கு லைசன்ஸ் தரும் வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் லோகோ, ஓரத்தில் சிவப்பு வட்ட முத்திரை. ஒரே பக்கம். அக்காவின் தாளோ பொடி எழுத்து மலாயில் பல பக்கம். எந்தச் சின்னமும் கண்ணைப் பறிக்கவில்லை. தலைப்பில் 'ஜடுவல் ஜே' என்றிருந்தது. அடமானம் இல்லாத கடனுக்குச் சட்டம் வகுத்து வைத்திருக்கும் படிவம் அது. அடமானம் உள்ளதற்கு 'ஜடுவல் கே'. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கடைசியில் சாட்சிக் கையொப்பம், ஸ்டாம்ப் அடித்த தடம்.

அண்ணனின் கடிதத்தில் அவர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், மலாய்க்காரர் பெயரில் வரும் 'பின்' இருந்தது. நம்மவர்கள் ஐசியில் 'ஆனாக் லெலாக்கி' (மகன்) என்பதைச் சுருக்கித்தான் போட்டிருக்கும். காட்டினேன்.

"டைப் பண்ணது மலாய்க்காரப் பையனா இருக்கும், பழக்கத்துல போட்டுட்டான்" என்றார்.

எனக்குப் பயம் வந்தது அந்தப் பதிலைக் கேட்டுத்தான். ஏமாற்றுகிறவன் விட்ட ஓட்டையை ஏமாறுகிறவரே உட்கார்ந்து அடைத்துக் கொடுக்கிறார். பணம் வந்துவிடும் என்று மனம் முடிவு கட்டிய பிறகு கண் பார்ப்பதை மூளை ஒத்துக்கொள்வதில்லை.

அவர் கேட்டது 3,000. 'அப்ரூவ்' ஆனது 10,000. வருடத்துக்கு 3 விழுக்காடு வட்டி, கடன் வரலாறு சொல்லும் சிடோஸில் பெயர் கெட்டிருந்தாலும் கவலையில்லை, பத்து நிமிடத்தில் பதில். அக்கா கேட்டதும் 3,000தான். சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, உங்களால் மாதம் இவ்வளவுதான் கட்ட முடியும் என்று 2,000-க்குக் குறைத்துவிட்டார்கள். மூன்று நாள் அலைச்சல் வேறு. "மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க தம்பி" என்று குறைப்பட்டுக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்த மூஞ்சியடிதான் அசலின் அடையாளம். திரும்பி வருமா என்று கவலைப்படுகிறவன்தான் கணக்குப் பார்ப்பான். கொடுக்கவே போகாதவனுக்கு மூவாயிரம் என்ன, முப்பதாயிரம் என்ன?

லைசன்ஸ் எண்ணில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். அண்ணனின் கடிதத்தில் இருந்த எண்ணை அமைச்சின் பட்டியலில் தேடினோம். இருந்தது! கம்பெனி பெயரும் பொருந்தியது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பட்டியலில் இருந்த தொலைபேசி எண்ணும் கடிதத்தில் இருந்த எண்ணும் வேறு. பட்டியலில் இருந்ததைக் கூப்பிட்டோம். போனை எடுத்த பெண் அலுத்துப்போன குரலில், நாங்கள் வாட்ஸ்அப்பில் ஆள் வைத்துக் கடன் கொடுப்பதில்லை, இன்று மட்டும் நீங்கள் மூன்றாவது ஆள் என்றார். எண் நிஜம், கம்பெனி நிஜம், பேசுகிற ஆள்தான் பொய். ஆகவே எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அவர்கள் கொடுத்த நம்பரை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள நம்பருக்கு நாமே அடிக்க வேண்டும். முடிந்தால் கடைக்கு நேரில் போக வேண்டும். 2020-இன் இறுதியில் அமைச்சே ஆன்லைன் கடனுக்கு வழிவிட்டது. அதனால் ஆன்லைன் என்றாலே மோசடி என்று ஒதுக்கவும் முடியாது. அந்த அனுமதி சில கம்பெனிகளுக்குத்தான். விளம்பரம் போடவும் தனி பெர்மிட் வேண்டும்.

அண்ணன் ஏற்கெனவே காசு கட்டியிருந்தார் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. ஸ்டாம்ப் செலவு என்று 180. இன்சூரன்ஸ் என்று 350. இப்போது அவர் கொடுத்த பேங்க் எண்ணில் ஒரு இலக்கம் தப்பாம், பத்தாயிரமும் நடுவில் மாட்டிக்கொண்டதாம், விடுவிக்க இன்னும் 600. கட்டிய இரண்டு தடவையும் போனது தனி ஆள் பெயரில் இருந்த கணக்குக்கு, அதுவும் இரண்டு வேறு ஆட்கள். ஸ்டாம்ப் செலவு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதனால்தான் பொய்யும் எடுபடுகிறது. அக்காவும் ஸ்டாம்புக்கும் சாட்சிக் கையொப்பத்துக்கும் கொடுத்தார்; ஆனால் கையெழுத்துப் போடும் மேசையில் கொடுத்து ரசீது வாங்கினார். முத்திரை வரி, சட்டச் செலவு போன்றவை தவிர 'ப்ராசஸிங்' என்று தனியாகக் கறக்கச் சட்டத்தில் இடமில்லை.

"அப்போ ஆலோங்கே தேவலாம் போலிருக்கே?" என்றார் அண்ணன், பாதி வேடிக்கையாக. அதையும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடும், விளக்குக் கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் ஆலோங் ஒரு விஷயத்தில் வாட்ஸ்அப் ஆளைவிட மேல்: அவன் பணம் கொடுப்பான். ஆயிரம் கேட்டால் முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டு நூறோ ஒன்பது நூறோ கைக்கு வரும். அதற்குப் பிறகுதான் கணக்கே. வாரம் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 3,000-க்கு வாரம் 300. பத்து வாரத்தில் 3,000 கட்டி முடித்திருப்போம், முதல் அப்படியே நிற்கும். தவறினால் கேட்டில் சிவப்புச் சாயம், ஐசி படத்தை ஊரெல்லாம் ஒட்டுவது. லைசன்ஸ் இல்லாமல் கடன் கொடுக்கிறவனுக்கு 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டத்தில் 2,50,000 முதல் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அப்படியும் ஸ்டிக்கர் கிழிபடுவதற்குள் மேலே புதிது ஒட்டப்பட்டுவிடுகிறது.

அதே சட்டப்படி லைசன்ஸ் உள்ளவர் அடமானம் இல்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. அடமானம் இருந்தால் 12. ஆக 3,000 வெள்ளிக்கு ஒரு வருட வட்டி மிஞ்சிப்போனால் 540, மாதத் தவணை 295. ஆலோங்கிடம் இரண்டு வாரத்துக்குக்கூட அந்த 540 காணாது. அதற்காக லைசன்ஸ் கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். காலிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, கையில் மூவாயிரம் கொடுத்துவிட்டுத் தாளில் ஆறாயிரம் எழுதுவது, இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். தொகை எழுதாத இடத்தில் பேனா வைக்கக் கூடாது. கையெழுத்தான நகல் ஒன்று பணம் கைமாறும் முன்பே நமக்கு வர வேண்டும். ஏடிஎம் கார்டைக் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். கார்டும் பின் நம்பரும் அடுத்தவன் கைக்குப் போனால் நம் கணக்கில் எவன் காசெல்லாமோ வந்து போகும், கடைசியில் போலீஸ் தேடி வருவது நம் வீட்டைத்தான்.

கடன் என்றதும் நம்மவர்கள் கடைசியாக நினைப்பது அடகுக்கடை. கணக்குப்படி அது முதலில் வர வேண்டும். வீட்டில் நகை இருக்கிறதென்றால், மாதம் 2 விழுக்காடுதான் உச்சம். 3,000-க்கு மாதம் 60, மீட்க ஆறு மாதம். வருடக் கணக்கில் பார்த்தால் 24 விழுக்காடு, லைசன்ஸ் வட்டிக்கடையைவிடக் கூடத்தான். ஆனால் சம்பளச் சீட்டு கேட்பதில்லை, சிடோஸ் பார்ப்பதில்லை, அரை மணியில் பணம். கட்ட முடியாமல் போனாலும் நகையோடு போகும், யாரும் கேட்டில் சாயம் ஊற்ற மாட்டார்கள். இஸ்லாமிய முறை அடகான ஆர்-ரஹ்னுவில் வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கூலி. மற்ற மதத்தவரும் வைக்கலாம். நம் பெண்களுக்கு இடைஞ்சல் வட்டியில் இல்லை, வெட்கத்தில். இங்கே வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று பஸ் ஏறிக் கோல கங்சார் போகிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே போனால் அதே பயத்தில் வந்த பக்கத்து வீட்டுக்காரி வரிசையில் நிற்கிறாளாம்.

ஈபிஎஃப் சேமநிதியின் மூன்றாவது கணக்கைப் பலர் மறந்தே போகிறார்கள். 2024 மே 11 முதல் மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் விழுகிறது. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு நம் பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு சேர்த்தால் 408. அதில் பத்தில் ஒன்று, மாதம் 40 சொச்சம். இரண்டு வருடத்தில் ஆயிரத்தை நெருங்கும். மூவாயிரத்துக்குக் காணாது என்றாலும் மூவாயிரத்தை இரண்டாயிரமாக்கும். போனிலேயே எடுக்கலாம், காசு செலவில்லை. 'எடுத்துத் தருகிறேன், கமிஷன் கொடு' என்று ஒருவன் வந்தால் அவனும் வாட்ஸ்அப் ஆளின் பங்காளிதான்.

கூட்டு, அதாவது ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சீட்டுப் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்துக் காலத்திலிருந்து நமக்குப் பழகியது, பெயரே நம் மொழி. அந்தப் பெயரையே வைத்து 1971-இல் அதைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். நடத்துகிறவர் ஒருநாள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டால் எந்த முகத்தோடு போய்ப் புகார் கொடுப்பது? கோப்பராசி (கூட்டுறவுச் சங்கம்) கடனென்றால் உறுப்பினருக்கு மட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், இந்த ஊர்க்காரரான மஇகா தலைவர் சம்பந்தன் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதால் நம்மவர்களுக்கு அந்தச் சொல்லின்மேல் ஒரு பிடிப்பு உண்டு. பேஸ்புக்கில் 'கோப்பராசி லோன், உறுப்பினர் ஆக வேண்டியதில்லை' என்று போடுகிறவனுக்கு அந்தப் பிடிப்பு நன்றாகவே தெரியும்.

அண்ணனை அந்த 600-ஐக் கட்டவிடவில்லை. என் கடையிலிருந்தே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடித்தார். பேங்குக்கும் சொன்னார், பிறகு போலீஸ் ரிப்போர்ட். சீக்கிரம் சொன்னால்தான் போன கணக்கை மடக்கிப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவர் சொல்வதற்குள் நாள் கடந்துவிட்டதால் 530-ம் திரும்பவில்லை. ஐசி படம் அவர்கள் கையில் இருப்பதால் ஒரு வாரம் மிரட்டல் வந்தது, 'கேன்சல் பண்ண 1,500 கட்டு' என்று. வாங்காத கடனுக்கு ரத்துக் கட்டணம்! அவர் பதில் போடவில்லை, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து என்னிடம் பிரிண்ட் போட்டு போலீஸில் சேர்த்தார். போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த இரண்டு கணக்கையும் தட்டிப் பார்த்தோம். ஒன்றின்மேல் ஏற்கெனவே புகார் இருந்தது, இன்னொன்று சுத்தமாக இருந்தது. சுத்தம் என்றால் நல்லவன் என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மூவாயிரம் எப்படியோ தேறியது. அண்ணனின் அம்மா சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று, இந்த ஊர்க் கடைக்கே, பட்டப்பகலில். மறுநாள் அந்தப் பாட்டி அடகுச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு என் கடைக்கு வந்தார்.

"இத லேமினேட் பண்ணிக் குடுய்யா, மழ தண்ணி படாம இருக்கட்டும்."

"வேணாம் பாட்டி, மீட்கப் போறப்ப இதத் திருப்பிக் குடுக்கணும்" என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். காசு எவ்வளவு என்று கேட்டார். இருபது காசு என்றேன். சுருக்குப்பையைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டு, ரசீது இல்லையா என்று நின்றார்.