மலை அரங்குகளில் கேனன் 85 எஃப்/1.8 லென்ஸ்: ஒரு மதிப்புரை

குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பள்ளி அரங்குகளில் பேட்மிண்டன் எடுக்கப் போனால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பாதி டியூப்லைட், பாதி ஜன்னல் அல்லது கூரையில் பதித்த வெள்ளை ஷீட். வெளியே மேகம் இறங்கினால் இரண்டாவது பாதி சில நிமிடங்களில் காணாமல் போகும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் இங்கேதான் கைவிடுகிறது. ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப்/5.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது, ஒளி அதிகம்). ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 3200-ல் வைத்தும் ஷட்டர் வேகம் 1/100 நொடிதான் கிடைக்கும். ஸ்மாஷ் அடிக்கும் கை வெறும் கோடாக விழும். அதே வெளிச்சத்தில் எஃப்/2 திறந்தால் 1/800.

அதற்கு நியாயமான செலவில் கிடைக்கும் லென்ஸ் கேனன் ஈஎஃப் 85 மி.மீ. எஃப்/1.8 யூஎஸ்எம். 1992-ல் வந்தது, 425 கிராம். ஃபோகஸ் மோட்டார் வேகமாகவும் சத்தமில்லாமலும் ஓடும். ஆட்டோஃபோகஸில் இருக்கும்போதே வளையத்தைக் கையால் திருப்பித் திருத்தலாம். கேனனின் மிரர்லெஸ் ஆர் கேமராக்களில் அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம். அந்த ஆர் கேமராக்களுக்கென்றே வந்த ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோ லென்ஸ் புதியதுதான். ஆனால் ஓடும் ஆட்டக்காரரைத் துரத்த அதன் ஃபோகஸ் மந்தம். விளையாட்டுக்குப் பழையதே மேல்.

ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராவில் இது 136 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 10 மீட்டர் தூரத்தில் சுமார் 2.6 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வரும். கை தூக்கிக் குதிப்பவர் முழுதாக அடங்குவார். பேட்மிண்டன் களத்தின் நீளம் 13.4 மீட்டர். பின்கோட்டின் மூலையில் சற்று உயரத்தில் நின்றால் எதிர்ப்பக்க ஆட்டக்காரரின் முகம் வலைக்கு மேலே நன்றாகக் கிடைக்கும். கூடைப்பந்தில் வளையத்துக்கு அடியில் நின்றால் மட்டும் இது நெருக்கம். அங்கே 160 கிராம் எடையுள்ள 50 எஃப்/1.8 எஸ்டிஎம் போதும். 70-200 எஃப்/2.8 வசதியானது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றரைக் கிலோ கனம், விலை பல மடங்கு, அதிலும் எஃப்/1.8 தரும் ஒளியில் பாதிகூட வராது. இருண்ட அரங்குக்கு முதல் லென்ஸாக அதை வாங்கச் சொல்ல மாட்டோம்.

குறைகளும் உண்டு. எஃப்/1.8-ல் வெள்ளைச் சட்டையின் ஓரத்திலும் விளக்குகளைச் சுற்றியும் ஊதா விளிம்பு தெரியும், எஃப்/2.2-ல் ஓரளவு குறையும். எஃப்/2-ல் 8 மீட்டர் தூரத்தில் தெளிவாக நிற்கும் ஆழம் சுமார் 65 செ.மீ.தான். மட்டை கூர்மையாகவும் முகம் மங்கலாகவும் விழுவதற்குக் காரணம் அதுவே. ஆகவே ஏஐ சர்வோ (நகரும் ஆளைத் தொடரும் ஃபோகஸ் முறை), ஒற்றை ஃபோகஸ் புள்ளி, அந்தப் புள்ளி மட்டைமேல் போகாமல் நெஞ்சின்மேல்.

செட்டிங் இப்படி: மேனுவல் மோடு, எஃப்/2, பேட்மிண்டனுக்கு 1/800, வெளிச்சம் இருந்தால் 1/1250. ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பு 6400. அரங்குக்குள் எல்லாவற்றையும் ஒரே அளவில் பூட்டிவைக்கச் சொல்வார்கள். சமவெளியில் ஜன்னல் இல்லாத அரங்குக்கு அது சரி. இங்கே மேகம் வந்து போவதற்குள் வெளிச்சம் பாதியாகி மீண்டும் ஏறும், பூட்டினால் படம் கெடும். பின்சுவர் இருண்டிருந்தால் மீட்டர் ஏமாந்து முகத்தை வெளுத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). ஃப்ளாஷ் கூடவே கூடாது, ஆட்டக்காரரின் கண் கூசும்.

பலரைக் குழப்புவது டியூப்லைட்டின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/100-ல் ஒரு துடிப்பு முழுதாக உள்ளே வருவதால் வித்தியாசம் தெரியாது. 1/800-ல் துடிப்பின் ஒரு துண்டுதான் விழும். அதனால் தொடர்ந்து எடுத்த ஐந்து படங்களில் ஒன்று பளிச்சென்றும், ஒன்று மங்கி மஞ்சளாகவும், இன்னொன்று பாதிச் சட்டத்தில் பட்டையோடும் இருக்கும். லென்ஸ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் கணத்துக்கு ஷட்டர் காத்திருக்கும், தொடர் வேகம் சற்றுக் குறையும். அந்த வசதி இல்லாத கேமராவில் ரா (RAW) எனும், பிறகு திருத்த வசதியான கோப்பு வடிவில் எடுத்து, ஒவ்வொரு தருணத்துக்கும் நான்கைந்து படம் கூடுதலாக எடுப்பதே வழி.

இந்த லென்ஸுக்கு ஈரக்காப்பு இல்லை என்பது நீலகிரியில் பெரிய விஷயம். குளிரிலிருந்து கூட்டம் நிறைந்த அரங்குக்குள் வந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் ஜிப் மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி நீலத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். அந்த நிறம் கோபால்ட் உப்பு, அது நஞ்சு.

செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. துடைத்தால் போய்விடும் என்று விற்பவர் சொன்னாலும் வாங்காதீர்கள். கோட்டிங்கை அது அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும்.